தலைக்கணக்கும் பேர்க்கணக்கும்

சனநாயக ஆட்சியை எண்ணிக்கையின் ஆட்சி என்று சிலர் புகழ்வர். அதே சொல்லால் வேறு சிலர் இகழ்வர். புகழ்வோரும் இகழ்வோரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். எண் பக்கஞ்சாராதது, அதனை எவரும் தம் விருப்பப்படி வளைத்தல் இயலாது என்பது இரு சாராரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுள்ள எடுகோள். மக்கட்டொகைக்கு ஏற்பச் சட்டசபை ஆசனங்களைப் பங்கிட்டுவிட்டால் நீதி நிலைபெற்றுவிடும் என்று எமது பாடசாலைகளிற் குடியியல் கற்பிக்கும் முறையும் இவ்வெடுகோளின் மீதே எழுந்துள்ளது. அதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே எமது நோக்கமாகும்.

பிரதிநிதித்துவம் என்னும் சொல்லுக்குள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. எண்ணப்படுவோர் யார்? வாக்களிப்போர் யார்? தெரிவுசெய்யப்பட்டவர் எவருக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்? இம்மூன்று வினாக்களுக்கும் ஒரே மக்கள் கூட்டம் விடையாக அமையும்போது ஆசனப் பங்கீடு நீதியானதா என்பதைக் கணக்கினாற் காணலாம். மூன்றுக்கும் வெவ்வேறு கூட்டத்தார் விடையாக நிற்பாராயின், எத்துணைச் சரியான கணக்கும் அநீதிக்குக் கருவியாகிவிடும். இவ்வுண்மையை எமது நாட்டின் மலையக வரலாற்றைப்போல் வேறெந்த வரலாறும் இத்துணைத் தெளிவாகக் காட்டவில்லை என்றே கூறலாம்.

தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒரு நாள் உழைப்புக்குரிய கூலி ஏட்டிற் பதியப்படுவதே ஒரு பேர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அது அரைப்பேர். காலையிற் பிரட்டுக்களத்தில் எண்ணப்படுவது தலை. மாலையில் ஏட்டில் விழுவது பேர். தலை எண்ணப்பட்டதனாலேயே பேர் விழுந்துவிடாது என்பதைத் தோட்டத்துச் சிறு பிள்ளையும் அறியும். அரசியல் யாப்பு வகுத்தோர் மட்டும் அதனை அறியாதவர்போல் இருந்துவிட்டனர்.

எண்ணப்படுவோர் யார் என்ற வினாவை எழுப்பாமலே தேர்தல் முறைகளைப் போற்றும் வழக்கம் எம்மிடையே பழைமையானது. தமிழர் நாகரிகத்தின் பெருமை பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுக்கள் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை மூலம் தெரிவுசெய்த முறையை விரித்துரைக்கின்றன. முப்பது பகுதிக்கு முப்பது பேர், கணக்கிலே குறையில்லை. ஆனால் அவ்வோலையில் எவருடைய பெயர் எழுதப்பட்டது? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவரும், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவரும், வேதக்கல்வி பெற்றவருமான பிராமணருடைய பெயர் மட்டுமே. அந்நிலத்தை உழுதவன் எந்தக் குடும்பிலும் இல்லை. கணக்கின் ஒழுங்கைக் கண்டு வியந்து நிற்பவர் கணக்குக்கு வெளியே நின்றவனைக் காணாது விடுகின்றனர். பழம்பெருமை பேசுதலில் உள்ள ஆபத்து இதுவே.

மேனாட்டு வரலாறும் இதற்கு விலக்கன்று. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன் இங்கிலாந்தில், குடிகளே அற்றுப்போன பழைய சாரம் என்னும் மேடு பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிற்று. நெசவாலைகளால் நிரம்பிய மான்செஸ்டர் நகருக்கோ தனக்கென ஓர் உறுப்பினரும் இலர். இஃது எவருக்கும் புலனாகும் பச்சை அநீதி. ஆயின் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. 1787ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு, மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பங்கிடுகையில் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளுமாறு விதித்தது. அடிமைக்கு வாக்கில்லை, ஆனால் அவனுடைய தலை அவனுடைய எசமானுக்கு ஆசனம் தேடிக்கொடுத்தது. அடிமைமுறை ஒழிந்தபின், 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தம் கறுப்பின மக்களை முழு ஆட்களாக எண்ணச் செய்தது. அதன் பின்னர் தென் மாநிலங்கள் பல தந்திரங்களால் அவர்களது வாக்கைப் பறித்துக்கொண்டே அவர்களது தலைகளுக்கு உரிய ஆசனங்களையும் முழுமையாக அனுபவித்தன. வாக்கை மறுக்கும் மாநிலத்தின் ஆசனங்கள் குறைக்கப்படும் என்று அதே திருத்தத்திற் கூறப்பட்டிருந்தும் அவ்விதி செயற்படுத்தப்படவேயில்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இந்நிலை நீடித்தது. எண்ணப்படாமை ஒரு கொடுமை. எண்ணப்பட்டும் பேசவிடப்படாமை அதனினும் பெருங்கொடுமை. ஏனெனில் பின்னையதில், ஒடுக்கப்பட்டவனுடைய உடலே அவனை ஒடுக்குவோனின் பலமாக மாற்றப்படுகின்றது.

இதே பொறி எமது நாட்டில் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை இனி நோக்குவோம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் யாப்பின் கீழ் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றது. ஆசியாவிலேயே முதன்மையான இச்சாதனையை எமது நூல்கள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன, அப்பெருமை நியாயமானதே. ஆயினும் அந்தச் 'சர்வசனம்' என்ற சொல்லுக்குள் தோட்டத் தொழிலாளர் அனைவரும் அடங்கவில்லை. நிரந்தர வதிவு, கல்வி, சொத்து ஆகிய நிபந்தனைகள் அவர்களின் மீது சுமத்தப்பட்டன. அவ்வாறிருந்தும் 1931இல் அற்றன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சருமானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பிற்று. நடேசய்யர் தொழிற்சங்கவாதி மட்டுமன்றிப் பத்திரிகையாளர், எழுத்தாளர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந் தோட்டமாகப் பாடல்களாற் பிரசாரஞ் செய்தவர். மலையகத்தில் அரசியற் குரலும் இலக்கியக் குரலும் ஒரே வீட்டிற் பிறந்தன என்பதை எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பின்னர் வந்தது சோல்பரி யாப்பு. பிரதிநிதிகள் சபையின் 101 உறுப்பினருள் 95 பேர் தெரிவுசெய்யப்படுவர். அறுவர் நியமனம் பெறுவர். 75 ஆயிரம் ஆட்களுக்கு ஓர் ஆசனம் என்பது அடிப்படை. அத்துடன், பரந்த நிலப்பரப்பில் ஐதாக வாழும் மக்களின் நலன் கருதி, ஆயிரம் சதுரமைலுக்கு ஓர் ஆசனம் என்ற வகையில் 25 ஆசனங்கள் மாகாணங்களுக்கு மேலதிகமாக வழங்கப்பட்டன. சிறுபான்மையோருக்கு இதனால் ஓரளவு ஈடு கிடைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. 95 ஆசனங்களுள் இந்தியத் தமிழர் எனப்பட்டோருக்கு 14 கிடைக்கலாம் என்பதே அன்றைய மதிப்பீடு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் வெற்றிபெற்றனர். அவர்களுள் ஒருவர் நுவரெலியாவின் எஸ். தொண்டமான், மற்றொருவர் தலவாக்கலையின் சி. வி. வேலுப்பிள்ளை. ஏனைய பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. தொழிலாளி தன் கையின் வலுவை உணரத் தொடங்கிய காலம் அது. அதனை உணர்ந்தவர் அவன் மட்டுமல்லர்.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவர் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. விளைவு யாது? 1947இல் எழுவர், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவருமிலர். 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனக் கணக்கிடப்பட்டோர் ஒன்பது லட்சத்து 74 ஆயிரம் பேர். நாட்டின் மக்கட்டொகையில் நூற்றுக்குப் பன்னிருவர். சட்டம் வகுத்த அதே அளவுகோலைக் கொண்டு 75 ஆயிரத்துக்கு ஒருவர் எனப் பிரித்தால் 13 ஆசனங்களுக்குரிய மக்கள். அவர்களுக்குக் கிடைத்தது சூனியம். இச்சட்டங்கள் சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுக்கும் யாப்பு விதிக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. பிரஜாவுரிமைக்குத் தகைமை வகுத்தல் எந்த நாட்டினதும் உரிமை என்று கூறி 1953இல் அம்மன்று வழக்கைத் தள்ளிற்று.

இதுவரை கூறியது பலரும் அறிந்த வரலாறு. பலரும் கவனியாத பகுதி இனிமேல்தான் வருகின்றது. தொழிலாளரின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது. ஆனால் அவர்களது தலை தொகுதிக் கணக்கிலிருந்து வெட்டப்படவில்லை. அவர்களையும் சேர்த்து வகுக்கப்பட்ட தொகுதிகளிலேயே 1952ஆம், 1956ஆம் ஆண்டுத் தேர்தல்கள் நடந்தன. 1959இல் தொகுதிகளை 145 ஆக்கிய புதிய எல்லை நிர்ணயத்தின்போதும் எண்ணப்பட்டவர்கள் ஆட்களே. அவர்கள் பிரஜைகளா என்று பார்க்கப்படவில்லை.

இதன் பொருளை ஓர் எடுகோளால் விளக்குவோம். மலைநாட்டில் 75 ஆயிரம் பேர் வாழும் ஒரு தொகுதி. அவர்களுள் 40 ஆயிரம் பேர் நாடற்றவராக்கப்பட்டோர் எனக் கொள்வோம். கீழ்நாட்டில் அதே தொகையினர் வாழும் வேறொரு தொகுதி. அங்கு அனைவரும் பிரஜைகள். இரண்டுக்கும் ஆசனம் ஒவ்வொன்று. மலைநாட்டுத் தொகுதியின் 35 ஆயிரம் பிரஜைகள் கீழ்நாட்டின் 75 ஆயிரம் பிரஜைகளுக்குச் சமமான பலம் பெறுகின்றனர். அஃதாவது ஒருவருடைய வாக்கு இருவருடைய வாக்குக்கு மேலாக நிறுக்கின்றது. அந்த மேலதிக நிறை எங்கிருந்து வந்தது? லயத்தில் வாழும் வாக்கற்ற குடும்பங்களின் தலைகளிலிருந்து வந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிகழ்ந்ததும் இதுவே. பெயரும் நிறமும் மட்டுமே வேறு. அங்கே தொடக்கத்தில் ஐந்தில் மூன்று பங்காக எண்ணினர். இங்கே முழுத்தலையாக எண்ணினர். தோட்டத்துச் சொல்லிற் கூறுவதாயின், முழு நாளும் வேலைவாங்கிய பின் அரைப்பேரும் போடாத கணக்கு இது. போடாத அப்பேர் வேறொருவர் ஏட்டிற் பதியப்பட்டது.

வேறொருவர் என்பவர் கண்டிய விவசாயி என்று கருதுவது தவறாகும். பெருந்தோட்டங்களால் நிலமிழந்தவன் அவன். அவனுடைய வாக்கின் நிறை இருமடங்கானபோதும் அவனுடைய நிலப்பசி தீரவில்லை. மேலதிக ஆசனங்களிற் சென்று அமர்ந்தோரிற் பெரும்பாலார் நிலவுடைமைக் குடும்பங்களைச் சேர்ந்தோரே. ஏழை விவசாயியையும் தோட்டத் தொழிலாளியையும் பகைவராக்கிவிட்டு, இருவருடைய தலைகளிலும் ஏறி நிற்பது அவ்வர்க்கத்தாருக்கு இலகுவாயிற்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். வாக்கில்லாதோரை எண்ணுதல் இயல்பான முறைதானே, சிறுவர்க்கும் வாக்கில்லை, அவர்களையும் எண்ணித்தானே தொகுதி வகுக்கின்றோம், உறுப்பினர் தொகுதியில் வாழ்வோர் அனைவருக்கும் பிரதிநிதியன்றோ என்று கேட்போர் உளர். இது தள்ளிவிடத்தக்க வாதமன்று. வாழ்வோர் அனைவரையும் எண்ணுதல் கொள்கையளவில் நல்லதே என்பது எமது கருத்துமாகும். பாடசாலையும் வைத்தியசாலையும் வாக்காளருக்கு மட்டும் உரியனவல்ல. ஆனாற் சிறுவனின் நிலை வேறு. அவனுடைய பெற்றோர் வாக்களிக்கின்றனர். நாளை அவனும் வாக்களிப்பான். அவனைப் புறக்கணிக்கும் உறுப்பினர் அதற்கு என்றோ பதில் கூறவேண்டியவர். நாடற்றவனோ தானும் வாக்களிக்கான். அவன் பெற்றோரும் வாக்களிக்கார். அவன் பிள்ளையும் வாக்களிக்கான். தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கைப் பொருளாக மட்டுமே இருக்குமாறு விதிக்கப்பட்டவன் அவன். அவனுக்குப் பதில் சொல்லும் தேவை எந்த உறுப்பினருக்கும் இல்லை. ஆகவே குற்றம் ஆட்களை எண்ணியதில் இல்லை. எண்ணிய பின் வாக்கை மறுத்ததிலேயே உள்ளது.

வடபுலத்துத் தமிழராகிய நாம் இவ்விடத்தில் எமது தலைமைகளையும் விமரிசிக்காது விடுதல் நேர்மையாகாது. சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கோரினார். சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்துச் சரிபாதி ஆசனம் என்ற அக்கோரிக்கையின் கணக்கில் மலையக மக்களின் தலைகளும் அடங்கியிருந்தன. அதே தலைவர் 1948இல் அமைச்சரவையிற் சேர்ந்தபின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலத்தை ஆதரித்தார். கோரிக்கைக்கு வேண்டியிருந்த தலைகள் வாக்குரிமைக்கு வேண்டப்படவில்லை. இதனை எதிர்த்து வெளியேறிய எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தமை அக்காலத்து அரசியலின் நல்லதொரு பக்கம். இடதுசாரிக் கட்சிகளும் 1948இல் இச்சட்டங்களை எதிர்த்தே நின்றன. ஆயின் 1964 ஒக்டோபரில், ஒன்பது லட்சத்து 75 ஆயிரம் மக்களில் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரு அரசாங்கங்கள் பங்கிட்டுக் கைச்சாத்திட்டபோது, லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் கதி 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்பங்கீடுகளில் எதிலும் பங்கிடப்பட்டோரின் விருப்பம் வாக்கெடுப்பால் அறியப்படவில்லை.

எமது குடாநாட்டுக்குள்ளேயும் இதே குறை இருந்தது. தமிழருக்குரிய ஆசனங்கள் எத்தனை என்று வாதிட்ட தலைமைகள், அவ்வாசனங்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடமுண்டா என்ற வினாவை நெடுங்காலம் எழவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றஞ் சென்றது நியமன உறுப்பினராகவே. மலையகத்தின் தொண்டமான் 1960இற் சென்றதும் அவ்வழியிலேயே. நியமனம் ஒரு குரலைச் சபைக்குள் அனுமதிக்கும். ஆனால் நியமித்தவனுக்கே அது கடன்பட்டது. மக்கள் அதனை அனுப்பவுமில்லை, திருப்பியழைக்கவும் முடியாது.

1952 முதல் 1977 வரையுள்ள இக்காலப்பகுதியே மலையக இலக்கியம் தலையெடுத்த காலம் என்பதை நாம் தற்செயலாகக் கருதவில்லை. தலவாக்கலை மக்களின் உறுப்பினராக 1947இற் சபை சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, அம்மக்களின் பெயர் இடாப்பிலிருந்து நீங்கியபின் அதே மக்களின் வாழ்வைக் கவிதையாகவும் நாவலாகவும் எழுதினார். அவர்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். என். எஸ். எம். இராமையா சிறுகதையிலும், தெளிவத்தை ஜோசப் சிறுகதையிலும் நாவலிலும், கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' என்னும் நாவலிலும் அம்மக்களைப் படைத்துக் காட்டினர். சபையிற் பேச வாயற்றவராக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்திற்கு இலக்கியம் அன்று பாராளுமன்றத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யவேண்டியதாயிற்று. இவ்வெழுத்துக்களிற் கோரிக்கையின் தொனி மேலோங்குகின்றது என்று குறைகூறிய பண்டிதர்களும் தூய கலைவாதிகளும் இச்சூழலைக் கருத்திற் கொள்ளவில்லை. மனுக்கொடுக்க உறுப்பினர் இல்லாதவன் கதையில் மனுவெழுதுவதைக் கண்டு முகஞ்சுளிப்பது, தொகுதியுள்ளவனின் அழகியலேயாகும்.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. தோட்டத்து வாழ்வைப் பொருளாகக் கொண்டு கீழேயிருந்து வந்தோர் எழுதிய சில கதைகளில், தொழிலாளி இரக்கத்துக்குரிய உருவமாக மட்டுமே வருகின்றான். கொழுந்துக் கூடையும் பனிமூட்டமும் லயத்துப் புகையும் இருக்கும். அவன் நினைப்பது யாது, அவன் எவரை எதிர்க்கின்றான் என்பது இராது. அவ்வாறான கதைகளும் தலையை எண்ணிப் பேரைப் போடாது விடுகின்றன. பிறர்க்காகப் பேசுதல் வேறு. பிறர் பேச இடங்கொடுத்தல் வேறு. சபைக்கும் இலக்கியத்துக்கும் இவ்விதி பொது.

பின்னைய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1977இல் மூவரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் வெற்றிபெற்றார். முப்பது ஆண்டுகளின்பின் மலையகத் தமிழரின் கட்சி தேர்தல் மூலம் பெற்ற முதல் ஆசனம் அது. 1978ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களுள் 160 பதிவுபெற்ற வாக்காளரின் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என வழங்கப்படுகின்றன. 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால் தேசியப் பட்டியலின் 29 சேர்ந்து மொத்தம் 225 ஆயிற்று. அடிப்படை இப்பொழுது ஆள் அன்று, வாக்காளர். ஒருவருடைய தலையைக் காட்டி வேறொருவர் ஆசனம் பெறும் பழைய சூது இதனால் ஒழிந்தது. ஆனால் அன்று இன்னும் நாடற்றோராய் இருந்தவர் முன்பு பெற்றிருந்த தலைக்கணக்கையும் இழந்து, எந்தக் கணக்கிலும் அடங்காதவராயினர். 1986ஆம், 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அவர்களைப் படிப்படியாகப் பிரஜைகளாக்கின. 1948இற் பறித்ததை மீட்டுக் கொடுக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

வாக்காளர் தொகையை அடிப்படையாக்கியதன் மறுபக்கத்தை எமது குடாநாடு அனுபவித்துள்ளது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. யுத்தத்தால் இடம்பெயர்ந்தோரும் கடல்கடந்தோரும் இடாப்பிலிருந்து நீங்க நீங்க ஆசனமும் நீங்கிற்று. முன்னர் சட்டத்தாற் பெயர் வெட்டினர். பின்னர் குண்டு விரட்டியதைப் பதிவேடு உறுதிப்படுத்திற்று. கணக்கின்படி இது சரியே. ஆனால் ஒரு மக்களை ஊரைவிட்டு ஓடச்செய்த காரணத்தை அதே கணக்கு விசாரிப்பதில்லை.

2024ஆம் ஆண்டுத் தேர்தலின் தொகைகளை ஒப்பிடுவோம். கம்பகாவில் ஏறக்குறைய 18 லட்சத்து 81 ஆயிரம் வாக்காளருக்கு 19 ஆசனங்கள். ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய 99 ஆயிரம் பேர். யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே 99 ஆயிரத்தை அண்டியுள்ளது. வன்னியில் மூன்று லட்சத்து ஆறாயிரம் வாக்காளருக்கு ஆறு ஆசனங்கள். ஆசனத்துக்கு 51 ஆயிரம் பேர். வன்னி வாக்காளரின் கை கம்பகா வாக்காளரின் கையைவிட ஏறக்குறைய இருமடங்கு நிறுக்கின்றது என்பது உண்மை. மாகாணத்துக்கு நான்கு என்ற விதியே இதற்குப் பெரிதும் காரணம். மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்த பரந்த, யுத்தத்தால் நலிந்த நிலத்துக்கு இச்சலுகை தகாது என்று நாம் கூறோம். நலிந்தோர்க்கு வெளிப்படையாக நிறை கூட்டுவதற்கும், நலிந்தோரின் தலையைக் களவாக எடுத்து வலியோர்க்கு நிறை கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொண்டால் போதுமானது. எண்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மட்டும் அநீதிக்குச் சான்றாகாது. எண்களின் சமத்துவம் மட்டும் நீதிக்குச் சான்றுமாகாது.

வாக்குக் கிடைத்தபின்னும் மூன்றாவது வினா எஞ்சி நிற்கின்றது: தெரிவானவர் எவருக்குக் கணக்குக் கொடுப்பார்? இதற்குப் பிரதேச சபைகளே சிறந்த எடுத்துக்காட்டு. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் பிற இடங்களிற் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு சபை இருக்க, இங்கு இத்துணைப் பேருக்கும் ஒவ்வொரு பிரதேச சபையே இருந்தது. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னரே இவை மும்மூன்று சபைகளாகப் பிரிக்கப்பட்டன. இதனினும் விந்தை, அச்சபைகளின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்களிற் செலவிடுவதற்குச் சட்டம் தடையாக நின்றமை. தொழிலாளி வாக்களித்தான், அவன் வாக்கினால் உறுப்பினர் தெரிவாயினர், ஆனால் அவனுடைய லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட அச்சபைக்கு அதிகாரம் இல்லை, அது தோட்டத்துக்குரிய தனியார் பாதை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் இக்குறை 2018இலேயே திருத்தப்பட்டது. தலையுமுண்டு, பேருமுண்டு, கூலி மட்டும் இல்லை என்னும் நிலை அது.

பெண்களின் நிலையும் இவ்வாறானதே. 1931இல் ஆணோடு சமமாக வாக்குப்பெற்ற இந்நாட்டுப் பெண்கள், 2024இல் அமைந்த பாராளுமன்றத்திற் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. மலைநாட்டிற் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். இந்நாட்டின் அந்நியச் செலாவணியை விரல்நுனியாற் கிள்ளியெடுத்தவர்கள். அம்மக்களிடையேயிருந்து பெண்கள் முதன்முறையாகத் தேர்தல் மூலம் பாராளுமன்றஞ் சென்றது 2024 நவம்பரிலேயே. பதுளையிலிருந்து ஒருவரும் நுவரெலியாவிலிருந்து ஒருவருமாக இருவர் தெரிவாயினர். மகிழ்ச்சிக்குரிய இச்செய்தியை, தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் பிந்தி வந்த செய்தி என்றும் நாம் பதிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, புதிய யாப்புப் பற்றியும் தேர்தல் முறை பற்றியும் பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை பேருக்கு எத்தனை ஆசனம் என்ற ஒரே வினாவுடன் நின்றுவிடுதல் போதாது. அவ்வினா வேண்டியதே, அதனைக் கைவிட்டோர் பழைய சாரத்தின் மேட்டுக்கே திரும்புவர். ஆனால் அதனோடு வேறு வினாக்களையும் நாம் கேட்டாக வேண்டும். இந்நிலத்தில் வாழ்ந்து உழைப்போர் அனைவரும் எண்ணப்படுகின்றனரா? எண்ணப்பட்ட ஒவ்வொருவருடைய பெயரும் இடாப்பில் உண்டா? இடம்பெயர்ந்தவனுடைய பெயர் அவனுடைய குற்றமின்றி அழிக்கப்படுகின்றதா? தெரிவானவரின் அதிகாரம் அவரைத் தெரிவுசெய்தவரின் வாசல்வரை எட்டுகின்றதா? சட்டமியற்றுவோரிடம் மட்டுமன்றி, வகுப்பறையிற் குடியியல் கற்பிக்கும் எம்மிடமும், மக்கள் வாழ்வை எழுதுவதாகக் கூறும் எழுத்தாளரிடமும் இவ்வினாக்கள் கேட்கப்பட வேண்டும்.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்த மரபு எம்முடையது. தோட்டத்துத் தொழிலாளியை எண் மட்டும் நெடுங்காலம் கண்டது. அவனைப் பெயரோடு கண்டது எழுத்து. இன்று அவனுக்கு வாக்குண்டு. அதனைத் தக்கவாறு பயன்படுத்துவது அவனுடைய உரிமை. அவனுடைய தலையை இனியொரு முறை எவரும் தமது கணக்கில் எழுதிக்கொள்ளாது காப்பது, அவனோடு சேர்ந்து நிற்கும் எமது கடமையாகும்.